ஓர் இலைகூடத் தராத தனபாலன்

விடிந்தால் அதிகாரி வந்துவிடுவார். தனபாலன் வீட்டிலோ அழுகிய முட்டைக்கோவா ஒன்றுகூட இல்லை.

"ஊரடங்குல சந்தைக்குப் போகாத கோவாவுக்கு நிவாரணமாம் புள்ள," என்றான் மனைவி சஞ்சீவனியிடம். "நாளைக்கு நேர்ல பாக்க வாராங்களாம். ஸ்பீக்கர் கட்டின வான்ல சொல்லிக்கிட்டுப் போனாங்க."

"முழுசாக் கேட்டீங்களா?"

"கேக்க வேண்டியதக் கேட்டுட்டேன்."

தனபாலன் எதையும் பாதிக்கு மேல் கேட்கிற ஆளில்லை. ஹுன்னஸ்கிரியவில் அவனுக்கிருந்த துண்டு நிலத்தில் அந்தப் போகம் கோவா குண்டு குண்டாக விளைந்தது. ஊரடங்கில் லொறி வரவில்லை. மனசு கேட்காமல் வெட்டி வெட்டி தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் சும்மா கொடுத்துவிட்டான். கோவாச் சுண்டல் தின்று தின்று லயமே பச்சை பிடித்துப் போனது. இப்போது மறுபோகத்துக்கு விதை வாங்க வழியில்லை. நிவாரணம் வந்தால் விதை, வராவிட்டால் நிலத்தில் புல்தான். பாவம், அவனும் என்ன செய்வான்?

திகனவில் மரக்கறி வியாபாரி பஹீமிடம் ஓடினான்.

"அழுகின கோவா இருக்கா நானா?"

"மாட்டுக்கா?"

"இல்ல, அதிகாரிக்குக் காட்ட."

பஹீம் நானா தாடியைத் தடவினார். "மாட்டுக்கெண்டா சும்மா அள்ளிட்டுப் போங்க. அதிகாரிக்கெண்டா வெல இரிக்கி."

சஞ்சீவனி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்த சீட்டுக் காசு அப்படியே போனது. ஆட்டோக்காரன் போட்டிருந்த மாஸ்க்குக்கு மேல் இன்னொரு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு மூட்டைகளை ஏற்றினான்.

வாசலில் குவித்த பிறகுதான் அடுத்த பயம் வந்தது. லயத்துச் சனம் அவனுடைய தாராள மனதைப் புகழ்ந்து வைத்தால்? வீடு வீடாகப் போய்ச் சொன்னான். "யாருக்கும் ஓர் எல கூடக் குடுக்கலன்னு சொல்லிருங்க."

"கவலப்படாத தம்பி," என்றாள் பக்கத்து வீட்டு வடிவம்மா. "சாப்பிட்ட நன்றிக்கு இதுகூடச் செய்யமாட்டமா?"

காலையில் அதிகாரி லக்ஸ்மன் சேர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"அழுகுறதுக்கு முன்ன அக்கம்பக்கத்துக்கு ஏதும் குடுத்தீங்களா?"

"எங்க பரம்பரைக்கே அந்தப் பழக்கம் இல்ல சேர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணு ரெண்டாவது?"

"சனத்தயே கேட்டுப் பாருங்க."

வடிவம்மா கேட்கும்வரை காத்திருக்கவில்லை. "எல கூடத் தரலீங்க சேர். கேக்கப் போனதுக்கு நாய அவுத்து விட்டாரு."

தனபாலன் வீட்டில் நாயே கிடையாது. அவன் கண்ணைக் காட்டினான். போதாது என்கிறான்போல என்று வடிவம்மா நினைத்துவிட்டாள்.

"புள்ளங்க பசியில அழுவுது, இவரு கதிரையப் போட்டு உக்காந்து கோவா அழுகுறதப் பாத்துக்கிட்டு இருக்காரு."

மற்றவர்களும் விடவில்லை. ஆளுக்கொன்று சொன்னார்கள். சாபம் விட்ட செல்லப்பாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்த மனிதர் தின்ற கோவாவுக்குக் கணக்கே இல்லை. தனபாலனுக்கே தன்மேல் வெறுப்பு வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், விதை வந்த மாதிரி.

லக்ஸ்மன் சேர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "மனுசனாய்யா நீ?" என்று மட்டும் கேட்டுவிட்டு, விறுவிறுவென்று போய் ஜீப்பில் ஏறினார்.

தனபாலன் பின்னாலேயே ஓடினான். "சேர், நிவாரணம்?"

சேர் திரும்பவில்லை. சாரதி யுகேஷ்தான் கண்ணாடியை இறக்கினான்.

"ஊரடங்குல கோவாவச் சும்மா பங்கு போட்ட தங்கமான மனுசன் ஒருத்தர் இந்த லயத்துல இருக்காராம்ணே, அந்தக் காசு அவரு மாதிரி ஆளுங்களுக்குத்தான், அவரு வீடு எதுன்னு தெரியுமா?"