சர்வருக்கு ஒரு திண்டு

இந்த வருடம் நிலாத் திருவிழாவன்று மாமியார் வீட்டு முற்றத்தில் கறி சுடக் கரியடுப்பு விசிறப் போவதில்லை என்று லியாவ் முடிவு செய்தார். முடிவை மனைவியிடம் முடிவாகச் சொல்லும் தைரியம் இல்லை. பந்தயமாகச் சொன்னார்.

லியாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. தைச்சுங் நகரத்து இணையதளங்களில் பாதி, தான் கட்டிக் காத்த சர்வர்களில் ஓடுவதாக அவருக்கு நினைப்பு. மீதிப் பாதி மற்றவர்களின் முட்டாள்தனத்தில் ஓடியது. அந்த முட்டாள்தனத்தின் உச்சம் ஒரு பச்சைப் பொட்டலம். தேங்காய் வாசனைச் சோளப் பொரி. அதன் பெயருக்கே 'சமத்தாயிரு' என்று அர்த்தம். ஊரில் எந்த சர்வர் அறைக்குப் போனாலும் இயந்திரத்தின் தலைமேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் இயந்திரம் கோபித்துக்கொள்ளும். காலாவதியானதை வைத்தால் படுத்தே விடும். பட்டம் வாங்கிய பொறியாளர்கள் வெட்கமில்லாமல் இதைச் செய்தார்கள். லியாவ் செய்ததில்லை. செய்தவர்களோடு டீ குடித்ததும் இல்லை.

மனைவி யூச்சினுக்குக் கீழ்த்தளத்தில் கேக் கடை. கடையின் இணையதளம் மாடி பீரோவுக்குள் இருக்கும் லியாவின் சர்வரில் ஓடியது. திருவிழா கேக்குக்கு ஆர்டர் திறக்கும் ஒரே நாளில்தான் வருடத்துச் சம்பாத்தியம்.

"ஒரு பொட்டலம் வச்சா குறைஞ்சா போயிடுவீங்க? போன வருஷம் எதிர்க்கடைத் தளம் அன்னிக்குப் பாத்துப் படுத்துச்சு."

"அது பொரி இல்லாம படுக்கல. மூளை இல்லாம படுத்துது. என் சர்வர் ஒரே பக்கத்த ஆயிரம் பேர் கேட்டா ஆயிரம் தடவை சமைக்காது. ஒருதரம் ஆக்கி வச்சதையே எல்லாருக்கும் பரிமாறும்."

"பழசப் போடுறதுக்கா இவ்ளோ பெருமை?"

"வாசல்ல காவல் வேற. ஒரே ஆள் சும்மா சும்மா கதவத் தட்டினா வெளிய தள்ளிடும்."

"தெரியுமே. கடைப் படத்தப் பாக்க முடியலன்னு எங்கம்மா அழுதாங்க."

லியாவ் இதைக் காதில் வாங்கவில்லை. "விழுந்தாலும் தானே எந்திரிக்கும். பீரோவுக்குப் பூட்டு. சாவி என் கழுத்துல. எனக்குத் தெரியாம ஒரு கொசு உள்ள போவாது. பந்தயம் கட்டுறியா? பொட்டலம் இல்லாமலே அன்னிக்குத் தாக்குப்பிடிச்சா, திருவிழாவுக்கு நான் வீட்டுலயே தூங்குவேன்."

"இல்லன்னா?"

"வந்து விசிறுறேன். உன் தம்பியோட வியாபார அறிவுரையையும் கேட்டுக்கிட்டே."

"சரி," என்றாள் யூச்சின். அவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொன்னதே கிடையாது. அதை அவர் யோசித்திருக்க வேண்டும்.

ஆர்டர் நாள். காலையில் தளம் திறந்ததும் ஊரே வந்து மோதியது. பீரோவுக்குள் மின்விசிறி அலறியது. சர்வர் அசையவில்லை. மதியத்துக்குள் முதல் சுற்று கேக் தீர்ந்தது. தான் ஏன் ஒரு பொரியை இவ்வளவு வெறுக்கிறோம் என்று லியாவின் மனதில் ஒரு கேள்வி வந்து தட்டியது. அதையும் வெளியே தள்ளினார்.

"தோத்துட்டியா?" என்றார், மாடியேறி வந்த யூச்சினிடம்.

"சாவியக் குடுங்க."

பீரோவைத் திறந்தாள். இயந்திரத்துக்கும் பீரோச் சுவருக்கும் நடுவே இருந்த பூப்போட்ட திண்டை உருவினாள். புத்தாண்டுக்கு அவள் தைத்தது. பீரோ அதிர்வதால் தூக்கம் வரவில்லை என்று அவள் முறையிட்டதும், அவரே பெருந்தன்மையோடு உள்ளே செருகி வைத்தது. தையலைப் பிரித்தாள். பஞ்சுக்கு நடுவே பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது.

"யாரு வச்சது இத?"

"நீங்கதான். உங்க கையாலயே. காவலெல்லாம் தாண்டி."

பொட்டலத்தைக் கிழித்து ஒரு பொரியை வாயில் போட்டாள். கரக். பீரோவுக்குள் மின்விசிறி நின்றது.

லியாவ் பாய்ந்து குனிந்தார். சுவரோரம் மின்செருகி தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் திண்டுதான் அதை அழுத்திப் பிடித்திருக்கிறது.

"செருகி! வெறும் செருகி! லூசா இருந்திருக்கு, அவ்ளோதான்!"

"ஆமாங்க. செருகிதான்." கரக்.

அழுத்திச் செருகினார். சர்வர் தானே எழுந்தது. மெச்சத்தான் ஆளில்லை.

"ரெண்டாவது சுற்று இப்பத் திறந்துடும்," என்று பொட்டலத்தைக் கவிழ்த்து உதறினாள் யூச்சின். "இது காலி. உங்க இஷ்டம்."

காரணம் தெளிவாகத் தெரியும். விளக்கவும் முடியும். லியாவ் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓடினார்.

"மஞ்சள் தரட்டா அண்ணே?" என்றாள் கடைப் பெண்.

"பச்சை! தேதி பாத்துக் குடும்மா. அப்படியே அடுப்பு விசிற ஒரு விசிறியும்."