கானா அண்ணையின் கோப்பை

மொன்றியலில் கானா நாட்டின் ஒரு கடற்கரை மாவட்டத்துக்கு உல்லாசப் பயணத்துறை அலுவலகம் ஒன்று உண்டு. அது நகரின் வடக்கே மொன்றியல்-நோரில், எங்கள் கட்டடத்தின் சலவை அறையில் இயங்குகிறது. ஒரே அதிகாரி கானா அண்ணை. பிறந்தது மன்னாரில்.

உடுப்பு காய நாற்பத்தைந்து நிமிடம். அதுவரை எவரும் தப்பியோட முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

"தம்பி, லீவுக்குப் போக கியூபாவில என்ன கிடக்கு? கானாவுக்குப் போய்ப் பார். வர்ணமடிச்ச வள்ளங்கள், கடலோரம் கோட்டை, திருவிழாவுக்கு அடிக்கிற மேளம், சீ, உனக்குச் சொல்லி விளங்காது!"

உடுப்பு உலர்த்தும் யந்திரத்தின் மேல் அவருடைய நூதனசாலை: நீலப்பூப் போட்ட எனாமல் சாப்பாட்டுக் கோப்பை ஒன்று. தொடக்கூடாது.

என் நாட்குறிப்பின்படி, பதினேழு விரிவுரைகளுக்குப் பிறகுதான் கோப்பையின் கதை வெளிவந்தது. கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ட் அவரை அந்தக் கரையில் விட்டுவிட்டு மறைந்துபோனான். ஏழு மாதம் சாப்பாடு போட்டவர் மீனுக்குப் புகைபோடும் ஓர் அக்கா. ஒருநாள் ஏஜென்ட் திடீரென வந்து இவரை வான் வண்டியில் ஏற்றினான். அண்ணை, சாப்பிட்டுக்கொண்டிருந்த கோப்பையோடு ஏறிவிட்டார்.

"போட்டுவாறன் எண்டுகூடச் சொல்லேல்லை. இப்ப கிட்னிக்குக் கிழமையில மூண்டு நாள் ஆஸ்பத்திரி. என்னால போகேலாது, தம்பி."

கியூபா போகவிருந்த நானும் மனைவியும் கானாவுக்குப் போனோம்.

"செவ்வாயில போங்கோ. அண்டைக்கு வள்ளம் கடலுக்குப் போகாது. அக்கா வீட்டில நிப்பா." வெறுங்கோப்பை திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று மேப்பிள் மிட்டாயால் நிரப்பித் தந்தார்.

கடற்கரையில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். அக்கா கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொலைபேசித் திரையில் அண்ணையைக் காட்டினோம்.

"ஒரு கோப்பை கழுவ உனக்கு இவ்வளவு காலமா?" என்று ஆங்கிலத்தில் அதட்டினார் அக்கா. நாற்பத்தைந்து நிமிடம் மூச்சுவிடாமல் கதைக்கிற மனுசன் திரையில் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுதார்.

நாங்கள் புறப்படும்போது அக்கா அதே கோப்பையில் வறுத்த கச்சான் கடலையை நிரப்பி என் கையில் வைத்தார். "அவனுக்கு."

சலவை அறையில் அதைக் கண்ட அண்ணை தலையில் கைவைத்தார். "என்ன தம்பி, திரும்பக் கொண்டுவந்திட்டியே! இனி ஆரோ ஒராள் கொண்டுபோய்க் குடுக்கவேணுமெல்லே?"

சொல்லும்போதே முகம் மலர்ந்தது. மூன்றாம் மாடிப் பெண் உடுப்புக் கூடையோடு உள்ளே வந்தாள். அண்ணை தொண்டையைச் செருமினார்.

என் உடுப்புகள் காய்ந்து கனநேரம். யந்திரத்தை இன்னொரு தரம் ஓடவிட்டு, நானும் உட்கார்ந்தேன்.