இருபத்தேழு கையெழுத்தும் ஒரு புளியோதரையும்

மாதுங்கா, மும்பை,
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய அனந்தகிருஷ்ணன் அத்திம்பேருக்கு, ஹரிதா அநேக நமஸ்காரம். இங்கே நான், அவர், குழந்தை கேஷவ் எல்லோரும் சௌக்கியம், என் மானம் ஒன்றைத் தவிர. உங்கள் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். உங்களுக்காகவே எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். நவராத்திரி முடிந்த மறுநாளே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. வெட்கத்தில் பத்து நாள் தள்ளிப்போட்டுவிட்டேன். வாட்ஸாப்பில் அனுப்பலாம் என்றால் உங்கள் போனை இப்போது அத்தைதான் படித்துக் காட்டுகிறாளாம். அதனால் காகிதம். உங்கள் பிள்ளை சாய்நாத் ஆபீஸ் விட்டு, வீட்டுக்கு டோம்பிவிலி லோக்கல் ரயில் பிடிப்பதற்குமுன் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றான். அத்தை கோவிலுக்குப் போனபிறகு பிரிக்கவும்.

எங்கள் கட்டடத்துக்குக் கீழே பத்ரிநாராயணன் மாமாவின் பக்ஷணக் கடை இருப்பது உங்களுக்குத் தெரியும். போன தடவை வந்தபோது நீங்களே ரிப்பன் பக்கோடா வாங்கிப்போனீர்கள். கடைக்குப் பின்னால் இருக்கிற குடோனைச் சமையல்கட்டாக மாற்ற மாமா மாநகராட்சி வார்டு ஆபீசில் அனுமதி கேட்டிருக்கிறார். அதன் புகைபோக்கி சரியாக எங்கள் படுக்கையறை ஜன்னலை உரசிக்கொண்டு மேலே போகும். நான் நெட்டில் எண்ணெய்ப் புகை என்று தேடினேன், அது குழந்தைகளின் நுரையீரல் என்று காட்டியது, அப்புறம் கேஷவ் தும்மினால்கூட ஓடிப்போய் ஜன்னலைச் சாத்த ஆரம்பித்துவிட்டேன். எங்கள் சொசைட்டி செக்ரட்டரி ராஜலக்ஷ்மி மாமி, "நீ எம்.ஏ. படிச்சவ, ஆட்சேபணையை நீதான்டி எழுதணும்" என்றாள். அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்தேன். "ஒருத்தர் எழுதினா ஃபைல்ல தூங்கும், இருபத்தஞ்சு கையெழுத்து இருந்தா விசாரணை வெச்சே ஆகணும்" என்று முப்பது வருஷம் வார்டு ஆபீசில் இருந்த அனுபவத்தில் சொன்னீர்கள். இருபத்தைந்து பேருக்கு நான் எங்கே போவேன் என்று இருந்தேன். கொலு வந்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். அன்றைக்குக் கொடுத்த கொண்டைக்கடலைச் சுண்டல் நான் செய்ததில்லை. கேஷவுக்கு ஜலதோஷம், இடுப்பை விட்டு இறங்கவில்லை, அதனால் மாமாவின் கடையிலேயே சொல்லிவிட்டேன். மாமாவின் மனைவி மாலதி மாமி அதை அடுக்குப் பாத்திரத்தோடு கொண்டுவந்து என் சமையலறையில் வைத்துவிட்டு, கீழே போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்குக்கு வந்த மற்றவர்களோடு மறுபடி வந்து உட்கார்ந்தாள். "என்ன பதமா வெந்திருக்குடி, ஹரிதா!" என்று எல்லோரும் கொண்டாடினார்கள். மாலதி மாமியும் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டாள். நான், "முதல் நாளே ஊறப்போட்டுட்டேன் மாமி" என்றேன். யாரும் கேட்கவில்லை அத்திம்பேர், நானாகத்தான் சொன்னேன்.

ஆட்சேபணை இங்கிலீஷில் மூன்று பக்கம். அதைக் கிளிப் அட்டைக்குப் பின்பக்கம் மடித்துவிட்டு, கையெழுத்துத் தாள் மட்டும் மேலே தெரிகிற மாதிரி சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். முதல் கையெழுத்து என்னுடையது. மாலதி மாமி கிளம்பினபிறகு மற்றவர்களிடம் விஷயத்தைச் சொல்லித்தான் நீட்டுவதாக இருந்தேன், சத்தியமாக. கேஷவ் கொலுப்படியிலிருந்து செட்டியார் பொம்மையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான், நான் பின்னால் ஓடினேன். திரும்பி வருவதற்குள் ராஜலக்ஷ்மி மாமி, "வெள்ளிக்கிழமை சஹஸ்ரநாமப் பாராயணத்துக்கு வரவாள்லாம் பேரும் ஃப்ளாட் நம்பரும் எழுதுங்கோ" என்று சொல்லியிருக்கிறாள். அவளுடைய லிஸ்ட் அவள் பையிலேயே இருக்க, என் அட்டை கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்தபோது ஒன்பதாவது கையெழுத்து விழுந்துகொண்டிருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயால், "பேனா எழுதறதா மாமி?" என்று கேட்டேன்.

பதினொன்றாவதாக மாலதி மாமி. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டையை இப்படியும் அப்படியும் புரட்டி, ரொம்ப நேரம் கழித்து நிதானமாகப் போட்டாள். பாவம், எங்கே போடுவதென்று தெரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டு அப்போதும் சும்மா இருந்தேன். பதினாலாவதாக வந்தனா மாமி கையெழுத்துக்குப் பக்கத்திலேயே 'புளியோதரை என் பொறுப்பு' என்று எழுதினாள். மொத்தம் இருபத்தேழு. ராஜலக்ஷ்மி மாமி எண்ணிப் பார்த்து, அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நான் மறுநாள் எழுந்திருப்பதற்குள் வார்டு ஆபீசில் கொடுத்து முத்திரையும் வாங்கிவிட்டாள்.

நேற்று பத்ரி மாமா மாடி ஏறி வந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு இடத்தில் நின்று ஏறி வந்தார். கையில் ஆட்சேபணையின் காப்பி, இன்னொரு கையில் கேஷவுக்குத் தேன்குழல். "திங்கட்கிழமை விசாரணையாம். எனக்கு இந்த இங்கிலீஷ் பிடிபடலைம்மா. மாலதியைக் கேக்கலாம்னா அவளுக்கு என்ன தெரியும், நீ படிச்சு அர்த்தம் சொல்லு" என்றார். நான் எழுதியதை நானே அவருக்குப் படித்துக் காட்டினேன். 'சுகாதாரத்துக்குப் பெரும் கேடு' என்கிற இடத்தை, "கொஞ்சம் காத்தோட்டம் வேணும்கறா மாமா" என்று சொன்னேன். 'எண்ணெய் வாடையால் குழந்தைகள் சாப்பிட மறுக்கிறார்கள்' என்கிற இடம் வந்தபோது கேஷவ் அவர் மடியில் உட்கார்ந்து மூன்றாவது தேன்குழலைக் கடித்துக்கொண்டிருந்தான். அதைத் தாண்டிவிட்டேன்.

"யாரோ வக்கீல் எழுதியிருக்கான், அழகா எழுதியிருக்கான்" என்றார் மாமா. பிறகு கையெழுத்துத் தாளை எடுத்தார். "பாரு, மாலதி பேரைப் போட்டிருக்கா. வந்தனா புளியோதரை கொண்டு வராளாம்! பாராயணம்னு சொல்லி ராஜலக்ஷ்மி எல்லாரையும் ஏமாத்தியிருக்கா. முதல்ல உன் பேரு. குழந்தையை வெச்சுண்டு அல்லாடற உன்னைக்கூட விடலை பாத்தியா?" நான் தலையை ஆட்டினேன். ஆமாம் அத்திம்பேர், ஆட்டினேன். "பதினஞ்சு வருஷமா காலம்பற நாலு மணிக்கு எழுந்து தாராவியில வாடகை சமையல்கட்டுக்குப் போய், டின் டின்னா பஸ்ல தூக்கிண்டு வரேன். கீழேயே அடுப்பு வந்துட்டா அந்த அலைச்சல் இல்லே. சமையலுக்கு வெச்சிருக்கற ரெண்டு ஆளும் வேண்டாம், மாலதி இருக்காளே! நீயே ஒரு பதில் எழுதிக் கொடும்மா" என்றார். எழுதிக் கொடுத்தேன். என் ஆட்சேபணையை வரிக்கு வரி கிழித்துப் போட்டிருக்கிறேன், அது அதைவிட நன்றாக வந்திருக்கிறது.

அத்திம்பேர், இப்போது நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். திங்கட்கிழமைக்குள் அந்த ஆட்சேபணையை வாபஸ் வாங்க என்ன எழுத வேண்டும்? வாபஸ் வாங்கியது நான்தான் என்று மாமாவுக்கோ ராஜலக்ஷ்மி மாமிக்கோ தெரியாமல் செய்ய வழி இருக்கிறதா? அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினது கண்ணிலேயே நிற்கிறது. அந்தத் தேன்குழல் டப்பாவைத் திறக்கவே கூசுகிறது. கேஷவ்தான் திறக்கிறான்.

கண்ணுக்கு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள்ளவும். அத்தைக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும், காரணத்தைச் சொல்ல வேண்டாம். உங்கள் ஆசீர்வாதத்தை எதிர்பார்க்கிற தகுதி இல்லாவிட்டாலும் எதிர்பார்க்கும்,

ஹரிதா

பி.கு.: கவரை ஒட்டப்போகிற நேரத்தில் மாலதி மாமி சுண்டல் அடுக்கை வாங்கிக்கொண்டு போக வந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "மாமி, அந்தக் கையெழுத்து..." என்று ஆரம்பித்தேன். "தெரியும், உக்காரு" என்றாள். "நான் பி.காம்.டி. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல இவர் ஒரு நாள் கேட்டதில்லே, நானும் சொன்னதில்லே. மூணு பக்கத்தையும் படிச்சுட்டுத்தான் போட்டேன். இருபத்தேழு பேர்ல படிச்சுட்டுப் போட்டவ நான் ஒருத்திதான். ஆள் ரெண்டையும் நிறுத்திட்டா நாலு மணிக்கு எழுந்து முறுக்கு பிழியப்போறது யாருன்னு நினைச்சே? அவர் முட்டியைப் பத்தி எல்லாருக்கும் தெரியறது. எனக்கும் ரெண்டு முட்டி இருக்குன்னு யாருக்காவது தோணித்தா? வாபஸ் கீபஸ்னு எங்கேயாவது போய் நின்னே, அவ்வளவுதான்." அடுக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் திரும்பி நின்று, "சுண்டல் விஷயம் என்னோட போகும், இது உன்னோட போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகையால் மேலே கேட்ட எதுவும் வேண்டாம். திங்கட்கிழமைக்குள் ஆட்சேபணையில் முட்டிகளைப் பற்றி ஒரு பாரா புதிதாகச் சேர்க்க முடியுமா என்று மட்டும் சொல்லவும்.