சிரமம் கொடுக்காத மச்சான்

விருந்தாளிகளில் எத்தனையோ ரகம் உண்டு. வந்ததும் டி.வி. ரிமோட்டைக் கைப்பற்றுகிறவர், குளியலறையில் குடியேறுகிறவர், ஊர் திரும்பும் நாளைப் பற்றி மூச்சே விடாதவர், இவர்களையெல்லாம் நான் மன்னித்துவிடுவேன். மன்னிக்கவே முடியாத ரகம் ஒன்று இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "எனக்காக யாரும் சிரமப்படாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிடுமே, அது. உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். வராமல் இருக்காது.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர் என் மனைவியின் பெரியப்பா மகன். குளிர்கால விடுமுறைக்கு என் தம்பி குடும்பம், மனைவி வழிச் சொந்தம், பழைய சிநேகிதர்கள் என்று வீடு நிறைந்து, தலையணைக்குத் தட்டுப்பாடு வரும் நேரம் பார்த்து வருவார். ஸ்டேஷனுக்கு நான் வரவே கூடாது என்பது அவர் கட்டளை. விடிவதற்கு முன்பே போன் அடிக்கும்.

"மாப்பிள்ளை, நீங்க தூங்குங்க. டாக்சி ஒண்ணையும் காணோம். பரவாயில்ல, நடந்தே வந்துடறேன். பெட்டிதான் கொஞ்சம் கனம். குளிரும் அப்படி ஒண்ணும் இல்ல, பல்லுதான் தந்தியடிக்குது."

இதற்குப் பிறகு எவனால் தூங்க முடியும்? பைஜாமாவுக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு காரை எடுப்பேன்.

கட்டில் கொடுத்தால் வேண்டாம். ஒரு மூலை போதும். அவர் தேர்ந்தெடுக்கும் மூலை ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருக்கும் நடைவழி. சாப்பாடு முடிந்ததும் அங்கே போர்த்திக்கொண்டு படுத்து, கண்மேல் துண்டைப் போட்டு, "நீங்க எல்லாம் பேசிட்டு இருங்க, லைட்டும் சத்தமும் என்னை ஒண்ணும் பண்ணாது" என்று ஒரு பெருமூச்சு விடுவார். வருடம் முழுக்கக் காத்திருந்து கூடிய கூட்டம், பாதிச் சிரிப்பை வாயில் வைத்துக்கொண்டு, அவரைத் தாண்டித் தாண்டிப் படுக்கப் போகும். குளிக்க வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும். உள்ளேயிருந்து வரும் முனகலைக் கேட்டு என் தம்பி மனைவி வெந்நீரோடு கதவைத் தட்டுவாள். சாப்பாடோ கேட்கவே வேண்டாம்.

"எனக்குன்னு தனியா எதுவும் பண்ணாதம்மா. இருக்கறதைச் சாப்பிட்டுக்கறேன். உப்பு, எண்ணெய், காரம், இது மூணும் இல்லாம இருந்தாப் போதும்."

இருப்பதில் எதில் இந்த மூன்றும் இல்லை? தண்ணீரில்தான். ஆகவே தனி அடுப்பு எரியும்.

இந்த வருடம் என் மனைவியோடு நர்சிங் படித்தபோது ஒரே அறையில் இருந்த தோழியும் வந்திருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள், தனியாக இருக்கிறாள். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்டி, நேர்லதான் கேப்பேன்" என்று போனிலேயே சொல்லியிருந்தாள். ஒரே ஒரு நாள்தான் தங்குவாள். அதற்காக என் மனைவி வெயில் விழும் பின்பக்க ஜன்னலோரம் இரண்டு நாற்காலி போட்டு, மதியத்துக்கு மேல் யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று எங்கள் எல்லோரையும் எச்சரித்து வைத்திருந்தாள்.

எல்லோரும் அடங்கினோம். மச்சான் மட்டும், யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாதே என்று, ஒதுக்குப்புறமாகத் தெரிந்த அந்த நாற்காலிகளில் ஒன்றில் போய் உட்கார்ந்துகொண்டார். தோழி இன்னொன்றில் உட்கார்ந்தாள். என் மனைவி?

"டீ எல்லாம் வேணாம்மா. அவங்களுக்குப் போட்டா எனக்கும் ஒரு வாய். சர்க்கரை போடாம. ஜன்னலைச் சாத்த வேணாம், சால்வை இருந்தாச் சமாளிச்சுக்குவேன். மாத்திரையை நானே எடுத்துக்கறேன், பெட்டிதான் பரண்மேல இருக்கு."

அவள் போனாள், வந்தாள், ஏறினாள், இறங்கினாள். எழுந்து உதவப் போன தோழியையும், "நீ உக்காருடி, இதோ வந்துட்டேன்" என்று தடுத்துவிட்டாள். நான் மச்சானை வெளியே அழைத்துப் போகப் பார்த்தேன். "எனக்காக ஏன் மாப்பிள்ளை அலையறீங்க?" என்றுவிட்டார். வெயில் இறங்கியது. தோழி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசலில் என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ கேக்கணும்னியே?" என்றாள்.

"ஒண்ணும் இல்லடி. விடு."

அவள் போனபின் மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். "பாவம், நல்ல பொண்ணு. எல்லாத்தையும் என்கிட்ட மனசு விட்டுச் சொன்னாங்க. உங்க தெருவிலேயே ஒரு வீடு பாத்துத் தரியான்னு உன்கிட்ட கேக்க வந்தாங்களாம். கடைசிக் காலத்துல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்கலாம்னு ஆசையாம். நான்தான், அவளே ஓடிக்கிட்டு இருக்கா, அவளைச் சிரமப்படுத்தாதீங்கன்னு சொல்லி அனுப்பினேன்."

என் மனைவி காலியாக இருந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். விடுமுறை தொடங்கியதிலிருந்து அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"அண்ணா, எனக்கு ஒரு டீ."

"நானா?"

"நீங்கதான்."

மச்சான் சமையலறைக்குப் போனார். டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. "சர்க்கரை எங்கம்மா இருக்கு?"

"தேடுங்கண்ணா" என்றபடி அவள் போனை எடுத்தாள். பஸ்ஸிலிருந்து தோழியின் குரல் எனக்கும் கேட்டது. "வேணாம்டி. என்னால உனக்கு எதுக்குச் சிரமம்?"

பார்த்தீர்களா, ஒரு மதியத்துக்குள் தொற்றிக்கொண்டுவிட்டது! என் மனைவிக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, தெருவுக்கே கேட்டிருக்கும். "நான் சிரமப்படணும்டி! உனக்காகத்தான் படணும்! எதிர்வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு, அடுத்த ஸ்டாப்புல இறங்கு!" சொல்லிவிட்டு அழுதாள். கார் சாவியை எடுத்துக்கொண்டு நான் ஓடினேன்.

நீங்கள் இப்போது இதை யார் வீட்டில், எந்த நாற்காலியில் சாய்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறீர்களோ தெரியாது. காலையில் உள்ளே நுழையும்போது என்ன சொன்னீர்கள் என்பதும் தெரியாது. கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்கள். உங்களைத் தவிர அந்த வீட்டில் வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா?