கதவைச் சாத்திய கிழவர்

நான்காவது தடவையும் கிழவர் தேநீரை நீட்டினார். நான்காவது தடவையும் ஆர்த்திகா ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினாள். கிழவர் கதவைச் சாத்தினார். அவள் மறுபடி தட்டினாள்.

கேட்டவுடன் வாங்கிக் குடித்தால் காணாததைக் கண்டதுபோல் பறக்கிறாள் என்பார்கள் என்று சொல்லி வளர்த்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பாவம், வேறென்ன செய்வாள்?

கிழவர் இருந்தது முப்பது வருடப் பழைய சீன வீடியோ கேமில். பத்திரிகையில் வந்த வாள்வீரர் தொடர்கதையை வைத்துச் செய்தது. அதை மொன்ட்ரியால் நிறுவனமொன்று மறுபடி வெளியிடப் போகிறது. கடைசிவரை விளையாடி, ஜெயிக்கும் வழியை எழுதிக்கொடுப்பது ஆர்த்திகாவின் தற்காலிக வேலை. இன்று ஐந்து மணிக்குள் அந்தக் கதவு திறக்காவிட்டால் திங்கட்கிழமை அவளுக்கு வேலை இல்லை.

மேலாளர் யோசெப் மாத நாவல்களில் ஊறிய மனிதர்.

“கதையெண்டால் தேத்தண்ணியிலை நஞ்சு இருக்கும். கீழை ஊத்து.”

ஊற்றினாள். கிழவரின் சீடர்கள் பாய்ந்து வந்து கதாநாயகனை வெட்டிச் சாய்த்தார்கள். அப்படியென்றால் குடித்துப் பார் என்றார். குடித்தாள். நஞ்சு இருக்கத்தான் செய்தது. சேமித்து வைத்த ஆட்டமெல்லாம் அழிந்து, முதல் ஊரிலிருந்து ஓடிவர மூன்று மணித்தியாலம் போயிற்று. யோசெப் அண்ணை மெதுவாகத் தன் அறைக்குள் போய்விட்டார்.

அலுவலகத்துக்குக் கீழே தெப்பனர் எனும் சில்லறைக் கடை வைத்திருக்கும் மதாம் லின் எந்நேரமும் தடித்த வாள்வீரர் கதைகளோடுதான் இருப்பார். ஆர்த்திகா அங்கே ஓடினாள். கேமின் பெயரைக் கேட்டதும் மதாம் லின் சிரித்துவிட்டுப் பிரெஞ்சில் சொன்னார்:

“வேண்டாமெண்டு சொன்னது சரி. பிறகேன் தட்டுறாய்? பதினைஞ்சு நிமிசம் கையைக் கட்டிக்கொண்டு இரு.”

மேலே போய் அப்படியே இருந்தாள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு தானாகத் திறந்தது. யோசெப் அண்ணை நிரந்தர வேலைக் கடிதத்தோடு வந்தார்.

மறுநாள் வீட்டில் சுட்ட வடையோடு கடைக்குப் போனாள். மதாம் லின் தேநீர் நீட்டினார். ஆர்த்திகா வாழ்க்கையில் முதல் தடவையாக, வேண்டாம் என்று சொல்லாமல் இரண்டு கையாலும் வாங்கினாள். கண் கலங்கிவிட்டது.

“இந்த நன்றியை மறக்கமாட்டன், மதாம். பொறுமைதான் பெரிசெண்டு எவ்வளவு ஆழமாக எழுதியிருக்கினம் அந்தக் கதையிலை.”

மதாம் லின் வடையைக் கடித்தார்.

“கதையிலை அந்தக் கிழவரே இல்லை, பிள்ளை. எங்கட பழைய கம்ப்யூட்டர் அடுத்த ஊரைத் திறக்கப் பதினைஞ்சு நிமிசம் எடுக்கும். அதுவரை ஆக்களை இருத்தி வைக்கத்தான் அவரை நான் கேமுக்குள்ளை எழுதினனான்.”