இடையில் கதவு வேண்டாம்

எங்கள் வீட்டில் என் சொல் ஒரே ஒரு தடவை வென்றிருக்கிறது. அந்த வெற்றியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு ஆறுதல் சொல்ல விரும்புகிறவர்கள் வட்டக்கச்சிக்கு வரலாம். தேத்தண்ணீர் கிடைக்கும். நான்தான் போடுவேன்.

என் பெயர் தங்கராசா. ஓய்வுபெற்ற உப தபாலதிபர். அது ஊருக்கு. வீட்டில் நான் வெறும் முத்திரை. எங்கே ஒட்டிவிடுகிறார்களோ அங்கே ஒட்டிக்கொண்டு கிடப்பேன். ஒட்டுகிறவள் என் மனைவி சிவனேஸ்வரி.

சண்டை நின்று பாதை திறந்த அடுத்த வருடம், கனடாவிலிருந்து மகள் பிரேமிளா கிளிநொச்சித் தொலைபேசிக் கடைக்கு அழைப்பு எடுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ரிசீவரில் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.

"அப்பா, நாங்கள் சிங்கப்பூருக்கு வாறம். நீங்களும் அம்மாவும் வாங்கோ. அங்கையிருந்து கப்பலிலை ஐஞ்சு இரவு போவம்."

கப்பல் என்றால் எங்கள் பக்கத்துச் சனத்துக்கு இரண்டு கப்பல்தான் தெரியும். ஒன்று நிவாரண அரிசி கொண்டுவருகிற கப்பல். மற்றது குண்டு அடிக்கிற கப்பல். மூன்றாவது வகை இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எங்கை பிள்ளை போகும்?"

"பெரிசா எங்கையும் போகாது அப்பா. சுத்திப்போட்டுத் திரும்பி அதே இடத்துக்கு வரும்."

இதற்கு ஏன் காசு கொடுக்கவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. வருடக்கணக்காக நாங்கள் இதைத்தானே இலவசமாகச் செய்தோம்? வட்டக்கச்சியில் வெளிக்கிட்டு, ஊரெல்லாம் சுற்றி, திரும்ப வட்டக்கச்சிக்கே வந்தோம். வரும்போது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"பெரியம்மாவையும் பெரியப்பாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள் மகள்.

இங்கேதான் வில்லங்கம் தொடங்கியது. பெரியம்மா என்பது சிவனேஸ்வரியின் அக்கா மீனம்மா. பெரியப்பா என்பது என் சகலன் கணபதி. இருவருக்கும் ஊர் மல்லாவி. நல்ல மனிதர்கள்தான். இடம்பெயர்ந்து போனபோது தங்கள் கொட்டிலின் பாதியை எங்களுக்குத் தந்தவர்கள். அந்தப் பாதிக்கும் இந்தப் பாதிக்கும் நடுவில் மீனம்மாவின் பழைய சேலை ஒன்று தொங்கியது. சுவர் என்று அதற்குப் பெயர்.

நான் இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து "தம்பி, கொத்தமல்லி அவிச்சுக் குடியும்" என்று சகலனின் குரல் வரும். நான் மனைவியிடம் மெதுவாக ஒரு விடயம் சொன்னால் அந்தப் பக்கத்திலிருந்து மீனம்மாவின் பதில் வரும். பதில் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதுதான் இன்னும் ஆத்திரம்.

"திகதியை நீங்களே சொல்லுங்கோ அப்பா" என்றாள் பிரேமிளா. என் மூளை சட்டென்று வேலை செய்தது. சகலன் நெல் விதைக்கிறவர். ஐப்பசியில் வருகிற காலபோக விதைப்பு நேரத்தில் வயலை விட்டு ஒரு அடி நகரமாட்டார்.

"ஐப்பசிக் கடைசி வசதி பிள்ளை" என்றேன்.

சிவனேஸ்வரி என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "நல்ல நாள்" என்றாள். அவள் என் யோசனை ஒன்றை நல்லது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் உசாராகியிருக்கவேண்டும்.

சகலன் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். "தம்பி, வயல் வருசாவருசம் இருக்கும். கப்பல் வருமோ?" என்றார். என் முதல் திட்டம் முளைக்க முன்னமே அழுகிப்போனது.

அடுத்த கிழமை மகள் இன்னொரு கேள்வியை அனுப்பினாள். கப்பலில் எங்கள் நாலு பேருக்கும் இரண்டு அறை. விரும்பினால் இரண்டு அறைக்கும் இடையில் கதவு வைத்த சோடி அறையாக எடுக்கலாம். எடுக்கவா, விடவா? சனிக்கிழமைக்குள் சொல்லவேண்டும்.

"கதவு இருக்கிறதை எடுப்பம்" என்றாள் சிவனேஸ்வரி, குசினிக்குள் இருந்தபடியே.

"ஏன்?"

"அக்காவோடை கதைக்கலாம்."

"மல்லாவியிலை கதைச்சது காணாதோ?"

"அது சேலைக்குள்ளாலை கதைச்சது. இது கதவு."

"சகலன் குறட்டை விடுவார்."

"நீங்கள் மட்டும் என்ன, நாதஸ்வரமே வாசிக்கிறியள்?"

"கதவு திறந்து கிடந்தால் காத்தடிக்கும். எனக்குத் தடிமன் வரும், மூக்கு ஒழுகும்."

"அப்ப பூட்டுங்கோ."

"பூட்டி வைக்கிறதெண்டால் கதவு என்னத்துக்கு?"

"அப்ப எங்கடை வீட்டு முன்கதவையும் கழட்டி வித்துப்போட்டு வாங்கோ."

இப்படி ஒரு பெண்ணை எதிர்த்து வாதாட ஒரு சட்டத்தரணி போதாது. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பேசவும், மற்றவர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும்.

உண்மையான காரணத்தை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். கலியாணம் முடித்த காலத்தில் அம்மா, அப்பா, இரண்டு தங்கைகள் என்று வீடு நிறைய ஆட்கள். பிறகு பிள்ளை. பிறகு பதுங்குகுழி, அதில் பக்கத்து வீட்டுக்காரரும் அவர்களின் ஆடும். பிறகு மல்லாவிச் சேலை. திரும்பி வந்த பிறகோ, வீடு திருத்துகிற மேசன் முதல் சொந்தக்காரர் வரை ஆராவது ஒருவர் விறாந்தையில் படுத்திருப்பார். என் மனைவியும் நானும் மட்டும் உள்ளே இருக்க, தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. ஐந்து இரவு. ஒரு அறை. ஒரே ஒரு கதவு. அதுவும் உள்ளே பூட்டுகிற கதவு. எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. மிகவும் வேண்டும் என்று இருந்தது. பேரப்பிள்ளை கண்ட மனிதன் இதை எப்படி வாய்விட்டுக் கேட்பது? வெட்கமாக இருந்தது. அதனால்தான் குறட்டை, காற்று, தடிமன் எல்லாம்.

நான் ஆதரவு திரட்ட மல்லாவிக்குப் பஸ் ஏறினேன். "அண்ணை, இடையிலை கதவு இருந்தால் உங்களுக்குக் கரைச்சல்தானே?" என்று சகலனைக் கேட்டேன்.

"என்ன கரைச்சல்? திறந்து விட்டால் மல்லாவியிலை இருந்த மாதிரியே இருக்கலாம்" என்றார் அவர், கண் பனிக்க. நான் அடுத்த பஸ்சிலேயே திரும்பி வந்துவிட்டேன்.

அன்று மாலை உண்ணாவிரதம் அறிவித்தேன். "கதவு வேண்டாமெண்டு நீர் ஒத்துக்கொள்ளுமட்டும் நான் சாப்பிடமாட்டன்."

"அப்பிடியோ? சரி" என்றாள். பிறகு இரணைமடு விரால் மீனைப் புளி விட்டுக் காய்ச்சத் தொடங்கினாள். வாசம் விறாந்தை வரைக்கும் வந்தது. பேச்சுவார்த்தைக்கு இடம் கொடுத்து நான் போராட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தினேன். இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

ஆனால் பாருங்கள், வெள்ளிக்கிழமை காலை அவளே வந்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். குரலில் ஒரு தளர்ச்சி.

"சரியப்பா. உங்கடை விருப்பம். கதவு வேண்டாம்."

எனக்குக் கதிரையில் இருந்தபடியே தலை சுற்றியது.

"ஆனால் பிள்ளைக்கு நீங்கள்தான் உங்கடை வாயாலை சொல்லவேணும். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

"சொல்லுறன், சொல்லுறன்."

"இன்னுமொண்டு. பக்கத்துப் பக்கத்து அறையும் வேண்டாம். பிறகு சுவருக்குள்ளாலை அத்தானின்ரை குறட்டை கேக்குதெண்டு என்னைத்தான் தின்னுவியள். ஒண்டு கப்பலின்ரை மேல் தட்டிலை, ஒண்டு கீழ்த் தட்டிலை கேளுங்கோ."

இந்த யோசனை எனக்கு வரவில்லையே என்று வியந்தேன். என் மனைவி தோற்பதிலும் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறாள் என்று பெருமைகூடப் பட்டேன்.

தொலைபேசிக் கடையில் சனம். கனடாவுக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்தவேண்டும். கத்தினால் கிளிநொச்சிக்கே கேட்கும்.

"பிள்ளை! இடையிலை கதவு வேண்டாம்!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். புத்தளத்திலிருந்து துணி வியாபாரத்துக்கு வந்துபோகிற மீராசாகிபு தொப்பியைச் சரிசெய்தார்.

"ஐயா, நாங்க இஞ்சையிருந்து போய் பன்னிரண்டு வருசம் ஓலைக் கொட்டில்ல இருந்தம். கதவே இல்லை. கதவு தாறம் எண்டு ஒருத்தன் சொன்னால் வேணாமெண்டு சொல்லாதீங்க."

"இது வேறை கதவு, மீராசாகிபு நானா."

"கதவுல என்ன வேறை கதவு?"

அவருக்குப் பின்னால் நின்ற ராக்காயி அக்கா, மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் ஊரில் காணி செய்கிறவர், அவரும் விடவில்லை. "ஏங்கய்யா, ராவுல ஒங்களுக்கு நெஞ்சு வலிச்சா யாரு வந்து தெறப்பா?"

"எனக்கு நெஞ்சு வலிக்காது!" என்று கத்தினேன். அதுவும் கனடாவுக்குப் போய்விட்டது.

"அப்பா, நெஞ்சு வலியோ?"

"இல்லைப் பிள்ளை! கதவு வேண்டாம்! ரெண்டு அறையும் தூரத் தூரக் கிடக்கவேணும்! வேறை வேறை தட்டு!"

"வடிவா யோசிச்சீங்களோ அப்பா? பிறகு மாத்தேலாது."

"இது என்ரை முடிவு! என்ரை சொந்த முடிவு!"

மறுமுனையில் மகள் சிரித்தது கேட்டது. அப்பாவுக்கு வீட்டில் இப்போதாவது மரியாதை இருக்கிறதே என்ற சந்தோசம் என்று எடுத்துக்கொண்டேன். சிவனேஸ்வரி தலையைக் குனிந்தபடி நின்றாள். பாவம், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

பாஸ் எடுத்து, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பெட்டிகளைத் திறந்து காட்டி, கொழும்பு போய், பறந்து, சிங்கப்பூரில் இறங்கினோம். கப்பல் ஏறுகிற அன்று காலை சிவனேஸ்வரி விடியவே தோய்ந்து, ஈரத் தலையும் நெற்றி நிறையத் திருநீறுமாக நின்றாள். கடல் பயத்தில் சாமியை நினைக்கிறாள் என்று எண்ணினேன். நான் புதுச் சேட் போட்டிருந்தேன். கொஞ்சம் செண்டும் அடித்திருந்தேன்.

கப்பலுக்குள் மின்தூக்கி வாசலில் வைத்து பிரேமிளா அறைத் திறப்புகளைப் பிரித்துக் கொடுத்தாள்.

"அம்மா, பெரியம்மா, இது உங்கடை. ஒன்பதாம் தட்டு. கடல் தெரியும். அப்பா, பெரியப்பா, இது உங்கடை. மூண்டாம் தட்டு."

"பிள்ளை, மாறிக் குடுத்திட்டாய்" என்றேன்.

"மாறேல்லை" என்றாள் சிவனேஸ்வரி. "இண்டைக்குக் கந்தசட்டி தொடக்கம்."

கந்தசஷ்டியைத்தான் சொல்கிறாள். வருடா வருடம் அக்காவும் தங்கையும் பிடிக்கிற விரதம். ஆறு நாளும் மீன் நாறுகிற மனிதனுக்கு அறைக்குள் அனுமதியில்லை. வீட்டில் நான் விறாந்தைக்குப் போய்விடுவேன். சகலனின் விதைப்பைக் கணக்குப் பார்த்த மடையன், முருகனின் கணக்கைப் பார்க்கவில்லை.

"கப்பலிலையும் விரதமோ?"

"கப்பலிலைதான் விரதம். வீட்டிலை பட்டினி கிடந்துகொண்டு உங்களுக்கு மீன் காய்ச்சவேணும். இஞ்சை ஆரோ காய்ச்சுறான், ஆரோ கழுவுறான். இறங்கிற அண்டைக்குச் சிங்கப்பூர்க் கோயிலிலை சூரன்போரும் பாக்கலாம். நாள் வைச்சது நீங்கள்தானே? நல்லாயிருப்பியள்."

"அப்ப கதவு வேணும் வேணுமெண்டு ஏன் நிண்டனீர்?"

"நான் வேண்டாமெண்டிருந்தால் நீங்கள் வேணுமெண்டு நிண்டிருப்பியள். கதவு மட்டும் இருந்திருந்தால் ஆறு நாளும் தட்டியிருப்பியள். கண்ணாடி எங்கை, சாரம் எங்கை, கோடாலித்தைலம் எங்கை. எனக்கும் ஒருக்கால் ஆறு நாள் வேணுமப்பா. ஒருத்தரும் கூப்பிடாத ஆறு நாள்."

அதில் பகிடி இருக்கவில்லை. நான் குரலைத் தாழ்த்தினேன். "நான் நினைச்சன்... நானும் நீரும் மட்டும் ஒரு அறையிலை..."

மீனம்மா மேலே கூரையைப் பார்த்தாள். மகள் கீழே செருப்பைப் பார்த்தாள். சிவனேஸ்வரி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் ஒரு கணம் மாறியது.

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள். "குறட்டை, காத்து, தடிமன் எண்டு உலகத்துக் கதையெல்லாம் சொன்னியள். இதை மட்டும் சொல்லேல்லையே மனுசன்."

மின்தூக்கிக் கதவு மூடிக்கொண்டது. அவர்கள் மேலே போனார்கள்.

மூன்றாம் தட்டு அறைக்கு யன்னல் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டில். முழங்கால் வாதம் என்று சொல்லி, கீழ்க் கட்டிலில் சகலன் சாய்ந்தார். நான் ஏணியில் பாதி ஏறியபோது அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டு, இழுத்துப் பார்த்து, மகிழ்ச்சியோடு திரும்பினார்.

"நல்ல கதவு தம்பி. இனி ஐஞ்சு இரவும் எங்கள் ரெண்டு பேரையும் ஒருத்தரும் குழப்பேலாது."