அளவு பிராவும் ஒரு முக்கோணமும்

எட்டு வருஷத்துக்கு முன்பு எனக்கு இருந்த திமிரை இன்று நினைத்தால், என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது. எம்.எஸ்சி. கணிதம், பி.எட்., வீட்டில் ஒரு தையல் மெஷின். இந்த மூன்றும் சேர்ந்தால் ஒருத்திக்கு எவ்வளவு தலைக்கனம் வருமோ, அதற்கு மேலேயே எனக்கு வந்திருந்தது.

அப்போது பழனிசெட்டிபட்டியில் அண்ணன் வீட்டில் இருந்தேன். படிப்பு முடிந்து இரண்டு வருஷமாகியும் வேலை இல்லை. தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். தேனியில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ கணக்கு டீச்சர் வேலைக்கு டெமோ வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். இதுவும் போனால் காலம் முழுக்க ஊராருக்குக் கொக்கி வைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்று பயந்து கிடந்தேன்.

பாடம் ஒரு பிரச்சினையே இல்லை. பிராதான் பிரச்சினை. கடையில் வாங்கியதெல்லாம் ஒன்று தோளில் வழுக்கும், இல்லாவிட்டால் விலாவைக் கடிக்கும். பஜார் கடைக்காரர் நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முப்பத்தாறு போதும்மா" என்பார். நாமும் தலையை ஆட்டிவிட்டு, பேப்பரில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓடி வருவோம். (செருப்பைக்கூட நாலு நடை நடந்து பார்த்துத்தான் வாங்குகிறோம். இதற்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டோம்.)

ஊரே முட்டாள், நானே தைத்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அதில் ஒரு அம்மா மார்புச் சுற்றளவு, அதற்குக் கீழே சுற்றளவு என்று அளந்துகொண்டே இருந்தாள். இவள் எனக்குச் சொல்லித் தருவதா? எங்கள் தெருவில் யார் டேப் பிடித்து அளக்கிறார்கள்? "அளவு ஜாக்கெட் கொண்டாங்க" என்போம், அதை விரித்து வைத்து வெட்டுவோம். அதே மாதிரி, என்னிடம் இருந்ததிலேயே சுகமான பிராவை எடுத்துப் பிரித்து, துணிமேல் வைத்து வரைந்து வெட்டினேன். டேப் கழுத்தில்தான் தொங்கியது. அது பந்தாவுக்கு.

மதினி எட்டிப் பார்த்தாள். (அண்ணன் பெண்டாட்டி. சின்னமனூர்க்காரி. வாய் கொஞ்சம் நீளம்.)

"ஏத்தா, போட்டுட்டுக் கையத் தூக்கிப் பாத்தியா?"

"டெமோவுக்குத்தான் மதினி போறேன். டான்ஸ் ஆடவா போறேன்?" என்றேன் வெடுக்கென்று. கண்ணாடி முன்னால் சிலை மாதிரி நின்று பார்த்தபோது அது கச்சிதமாகத்தான் இருந்தது.

டெமோ அன்று கடைசி பெஞ்சில் பிரின்சிபால் மேடம் உட்கார்ந்திருந்தார். போர்டின் உச்சியில் தலைப்பு எழுதக் கையைத் தூக்கினேன். கையோடு அதுவும் கிளம்பியது. கீழ்ப் பட்டை ஏறி நெஞ்சின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. கையை இறக்கினேன், அது இறங்கவில்லை. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து, முழங்கையால் ரகசியமாகத் தள்ளி இறக்கினேன். அதற்குப் பிறகு கையைத் தூக்க எனக்கென்ன பைத்தியமா?

பாடம் முழுவதையும் போர்டின் அடி ஓரத்திலேயே எழுதினேன். இட்லி அளவுக்கு ஒரு முக்கோணம் போட்டேன். மேலே அத்தனை இடமும் துடைத்து வைத்த தோசைக்கல் மாதிரி காலியாகக் கிடந்தது.

"மிஸ், தெரியல மிஸ்!"

"எந்திரிச்சு நின்னு பாருங்கப்பா."

வகுப்பே எழுந்து நின்றது. பிரின்சிபால் மேடமும் எழுந்து நின்றார்.

முடிந்ததும் அறைக்குக் கூப்பிட்டார். "எதுக்கும்மா எல்லாத்தையும் அடியிலயே எழுதுனீங்க?"

உண்மையைச் சொல்ல முடியுமா? "பிள்ளைக கண்ணுக்கு நேரா இருக்கணும்னுதான் மேடம்" என்று அளந்துவிட்டேன்.

"பிளஸ் டூ பிள்ளைக உங்களவிட ஒசரம்மா. ஆனா யோசனை நல்லாருக்கு. யூகேஜிக்கு ஆளில்லாம கஷ்டப்படுறோம், வர்றீங்களா?"

தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது?

"என்னத்தா சொன்னாக?" என்று மதினி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அளவுக்கு வைத்து வெட்டிய பிராவைக் கொண்டு வரச் சொல்லி, எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்தாள்.

"அடியாத்தீ! இது நீ காலேஜ் சேந்தப்ப வாங்குனதுல்ல? ரப்பர் செத்து, தொளதொளன்னு ஆனதாலதான ஒனக்குச் சொகமா இருக்கு! இத வச்சு வெட்டுனா புதுசும் கெழடாத்தான வரும்?"

அந்தத் தொய்வைக் கால் அங்குலம் பிசகாமல் நகலெடுத்திருக்கிறேன். எம்.எஸ்சி. கணிதம்! மறுநாள் மதினியே டேப்பை எடுத்து, கையைத் தூக்கச் சொல்லி, மூச்சை இழுக்கச் சொல்லி அளந்தாள். அந்த அளவில் தைத்தது அம்சமாக உட்கார்ந்தது. இன்றும் அந்த அளவில்தான் தைத்துக்கொள்கிறேன். என்ன பிரயோஜனம்?

ஒவ்வொரு ஜூனிலும் பிளஸ் டூ கேட்டுப் போவேன். "சின்னப் பிள்ளைக ஒசரத்துக்கு எறங்கி வர்ற டீச்சர நான் எங்கம்மா போய்த் தேடுவேன்?" என்பார் மேடம். எட்டு வருஷமாக அணில், ஆடு, இலை.

அண்ணன் மகள் இப்போது பிளஸ் டூ. கணக்கில் சந்தேகம் என்று அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தால் போதும், அடுப்படியிலிருந்து மதினி குரல் கொடுப்பாள். காரணம் தெரியாத அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அத்தகிட்டப் படிக்கணும்னா தரையில உக்காந்துக்கடி. அவுக மேல எழுத மாட்டாக!"